டர்போ டிராக் காரை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுவது: கன்வெர்ட்டர் தேர்வு முதல் முதல் ஓட்டம் வரை

நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் பந்தயக் காரில் டர்போவும் மேனுவல் கியர்பாக்ஸும் இருந்தால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இன்ஜினின் சுமை ஒரு கணம் அறுந்துபோகிறது. சுமை போனால் புகையின் வேகமும் வெப்பமும் குறையும், டர்போவின் டர்பைன் தளரும், பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) விழும். அடுத்த கியரில் அதை மீண்டும் ஏற்ற வேண்டும். தொடக்கக் கோட்டில் நிற்கும்போதும் இதே சிக்கல்தான். நியூட்ரலில் 5000 ஆர்பிஎம் வைத்தாலும் பெரிய டர்போ விழிக்காது, ஏனென்றால் சுழற்சி மட்டும் பூஸ்டைத் தராது, சுமைதான் தரும். ஆட்டோமேட்டிக்கில் இந்த இரண்டும் தீர்ந்துவிடுகின்றன. டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸைப் பூட்டிவைக்கும் வால்வு) காரைப் பிடித்துக்கொள்ள, கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக இன்ஜினின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இன்ஜினுக்குச் சுமை கொடுக்க, கார் அசையாமலே பூஸ்ட் ஏறும். கியர் மாறும்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்க வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. எடை கூடும், சக்கரத்துக்கு வரும் பவர் கொஞ்சம் குறையும், வெப்பம் என்ற புதிய எதிரி வந்து சேரும். சரியாகச் செய்தால் நேரத்தில் கிடைக்கும் லாபமும் ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஒரே சீரும் அந்த நட்டத்தைவிடப் பெரியவை.

எந்த கியர்பாக்ஸ்

டிராக் காருக்கு அதிகம் போடப்படுவது ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400. முதல் கியர் 2.48, இரண்டாவது 1.48, மூன்றாவது 1.00. கனமானது, சுழலும் எடையும் அதிகம், ஆனால் தாங்கும். உள்ளே மாற்றுவதற்கான வலுவான பாகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலான டர்போ கார்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

பவர்கிளைடு இரண்டே கியர் கொண்டது. முதல் கியர் 1.76 அல்லது 1.82. எடை குறைவு, உள்ளே விழுங்கும் பவரும் குறைவு. ஆனால் 7000 ஆர்பிஎம்மில் கியர் மாற்றினால் கணக்குப்படி இன்ஜின் 3980க்கு விழ வேண்டும். கன்வெர்ட்டர் நழுவுவதால் அவ்வளவு விழாது என்றாலும் பள்ளம் பெரியதுதான். டர்போ 400இல் அதே 7000 முதல் மாற்றத்தில் 4180க்கும், இரண்டாவதில் 4730க்கும் விழும். எடை குறைந்த, பவர் மிகுந்த, டயர் பிடிக்கத் திணறும் காருக்கு பவர்கிளைடின் மென்மையான முதல் கியர் வரம். கனமான காரில், மெதுவாக விழிக்கும் டர்போவுடன் அது தவறான தேர்வு.

சாலையிலும் ஓட வேண்டிய காருக்கு 4எல்80இ பொருந்தும். டர்போ 400இன் வழிவந்தது, 0.75 ஓவர்டிரைவும் கன்வெர்ட்டர் நழுவாமல் பூட்டும் லாக்கப்பும் உண்டு, இயக்கத் தனி கன்ட்ரோலர் வேண்டும். எட்டு கியர் இசட்எஃப் 8எச்பி கியர்பாக்ஸில் கியர்கள் நெருக்கமாக இருப்பதால் பூஸ்ட் விழவே இடமில்லை. ஆனால் அதன் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டை நன்றாக அறிந்த ஒருவர் கூட இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

பின் ஆக்சில் விகிதத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேனுவலில் முதல் கியர் 3.30, ஆக்சில் 4.10 என்றால் மொத்தம் 13.5. டர்போ 400உடன் 3.25 ஆக்சில் போட்டால் 8.06தான் வரும். பார்ப்பவர்கள் பயந்து 4.10ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் ஸ்டாலில் (கார் அசையாமல் நிற்கும்போது கன்வெர்ட்டருக்கு எதிராக இன்ஜின் எட்டும் உச்ச ஆர்பிஎம்மில்) கன்வெர்ட்டர் முறுக்கு விசையைச் சுமார் 1.8 மடங்கு பெருக்கினால் 8.06 என்பது 14.5 ஆகிவிடும். கார் வேகம் எடுக்க எடுக்க இந்தப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். டர்போ இன்ஜினுக்கு நீண்ட கியரும் தொடர்ந்த சுமையும்தான் பிடிக்கும். ஆகவே 3.00 முதல் 3.50 வரை யோசித்து, எல்லைக் கோட்டில் வர வேண்டிய ஆர்பிஎம்மை வைத்துக் கணக்கிடுங்கள்.

கன்வெர்ட்டர்: வேலையின் பாதி இதில்தான்

கன்வெர்ட்டரின் ஸ்டால் எண் அந்தப் பாகத்தில் பொறித்த நிலையான எண் அல்ல. ஒரே கன்வெர்ட்டர், முறுக்கு விசை குறைந்த இன்ஜினில் 3200இலும் அதிகமுள்ளதில் 5000இலும் ஸ்டால் ஆகும். டர்போ காரில் ஒரே இன்ஜினே இரண்டு இன்ஜின்போல நடக்கும். பூஸ்ட் இல்லாத நிலையில் ஒரு ஸ்டால், பூஸ்ட் ஏறிய பின் வேறொரு ஸ்டால். பூஸ்ட் ஏறினால் முறுக்கு கூடும், முறுக்கு கூடினால் ஸ்டால் ஏறும், ஸ்டால் ஏறினால் பூஸ்ட் இன்னும் ஏறும். இந்தச் சங்கிலி தொடங்குவதற்கு, பூஸ்ட் இல்லாத ஸ்டால் டர்போ விழிக்கும் ஆர்பிஎம்மைத் தொட்டாக வேண்டும். டர்போ 4000இல் விழிக்கிறது, கன்வெர்ட்டர் 3300இலேயே இன்ஜினைப் பிடித்து நிறுத்துகிறது என்றால், அந்தக் கார் கோட்டில் நின்று முக்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் மிகவும் இறுக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

தளர்வாக இருந்தால் வேறு சிக்கல். கோட்டில் பூஸ்ட் சட்டென்று ஏறும், ஆனால் ஓட்டத்தின் கடைசியில் இன்ஜின் கத்தும், கார் போகாது. நழுவல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 0.71 மீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.23 மீட்டர். எல்லைக் கோட்டில் மணிக்கு 240 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 4000 மீட்டர், அதாவது சக்கரம் 1793 சுற்று. ஆக்சில் 3.50 என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 6280 சுற்று. டாப் கியர் 1.00 என்பதால் நழுவலே இல்லையென்றால் இன்ஜினும் 6280இல் இருக்க வேண்டும். ஓட்டத்தின் டேட்டா பதிவு (லாக்) காட்டுவது 6800 என்றால் நழுவல் 7.7 சதவீதம். 5 முதல் 8 சதவீதம் வரை நல்லது. 12 தாண்டினால் கன்வெர்ட்டரைத் திருப்பி அனுப்பி இறுக்கச் சொல்லுங்கள். வேகத்தில் டயர் விரிவதால் இந்தக் கணக்கில் சிறு பிழை வரும். ஷாஃப்டில் ஒரு ஸ்பீடு சென்சார் போட்டால் அந்தச் சந்தேகமும் தீரும். இந்த மாற்றத்தில் செய்யும் செலவுகளிலேயே அதிகம் பயன் தருவது அந்தச் சிறிய சென்சார்தான்.

கன்வெர்ட்டர் செய்பவரிடம் "5000 ஸ்டால் வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை, இன்ஜின் கொள்ளளவு, கேம் விவரம், டர்போவின் கம்ப்ரஸர் அளவு, டர்பைன் அளவு, ஏ/ஆர் (டர்பைன் கூட்டின் அளவு விகிதம்), இப்போது பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் தொடங்குகிறது, உச்ச பவர் எங்கே வருகிறது, கோட்டில் எவ்வளவு பூஸ்ட் வைக்கப்போகிறீர்கள், ஆக்சில் விகிதம், டயர் உயரம், ஓடும் தூரம் ஆகிய எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். டைனோ வரைபடம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். பவரைக் கூட்டிச் சொல்வது மிகப் பெரிய தவறு. சொன்ன பவர் இல்லாத இன்ஜினுக்குக் கன்வெர்ட்டர் இறுக்கமாக வந்துவிடும், டர்போ விழிக்காது.

டிரான்ஸ்பிரேக் போடும் காருக்குக் கன்வெர்ட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும் உப்பலைத் தடுக்கும் தகடுகள் இருக்க வேண்டும். உள் அழுத்தத்தில் கன்வெர்ட்டர் பலூன்போல உப்பினால் கிராங்கை முன்னால் தள்ளும், திரஸ்ட் பேரிங் தேய்ந்து இன்ஜினே போய்விடும்.

கழற்றுவதும் பொருத்துவதும்

பழைய கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் வெளியே வந்ததும் கிராங்கின் நுனியைப் பாருங்கள். மேனுவலின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் அங்கே உட்கார்ந்திருந்தால் அதைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கன்வெர்ட்டரின் மூக்கு உள்ளே போகாது. பிறகு டயல் கேஜ் வைத்து கிராங்கின் முன்பின் அசைவை அளந்து எழுதி வையுங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு வேறு நிறுவனத்தவை என்றால் அடாப்டர் தகடோ தனி பெல் ஹவுசிங்கோ வேண்டும். டொயோட்டாவின் 2ஜேஇசட் போன்ற இன்ஜின்களுக்கு இவை தயாராகவே கிடைக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் இன்ஜினில் டர்போ 400 போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெரும்பாலான எல்எஸ் கிராங்கின் பின்முகம் பழைய செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் இன்ஜினைவிட 0.400 அங்குலம் உள்ளே இருக்கும். அந்த இடைவெளிக்கு ஸ்பேசரும் நீளமான போல்ட்டும் போட வேண்டும். பிளாக்கில், மையத்தைச் சரியாக உட்காரவைக்கும் இரண்டு டவல் பின்களும் இருக்கிறதா என்று பாருங்கள். டவல் இல்லாமல் போல்ட்டை நம்பிப் பூட்டினால் கியர்பாக்ஸ் மையம் விலகி உட்காரும், சில ஓட்டங்களிலேயே பம்ப் புஷ் தேய்ந்து முன் சீல் ஒழுகும். சீலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்ப மாற்றுவார்கள், விலகிய மையத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஃபிளெக்ஸ்பிளேட் (ஃபிளைவீலுக்குப் பதிலாகக் கன்வெர்ட்டரை கிராங்கோடு இணைக்கும் தகடு) எஸ்எஃப்ஐ என்ற பந்தயப் பாதுகாப்பு அமைப்பின் 29.1 சான்று உள்ளதாக இருக்கட்டும். அதைச் சுற்றிக் காக்கும் கவசத்துக்கு 30.1, கியர்பாக்ஸ் கவசத்துக்கு 4.1. ஓட்டுநரின் கால்கள் இந்தச் சுழலும் பாகங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். எந்த நேரத்துக்குள் ஓடும் காருக்கு எது கட்டாயம் என்பதை உங்கள் பந்தயத் தடத்தின் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரிங் கியரின் பல் எண்ணிக்கையும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பொருந்துகின்றனவா என்பதையும் இப்போதே சரிபாருங்கள்.

கன்வெர்ட்டருக்குள் சுமார் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, மூக்கிலும் சீலிலும் ஆயில் தடவி, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் ஏற்றுங்கள். சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் இரண்டு மூன்று முறை "டொக்" என்று இறங்கும். இன்புட் ஸ்ப்லைன், ஸ்டேட்டர் ஸ்ப்லைன், பம்ப் கியர் என்று ஒவ்வொன்றாகப் பிடிப்பதன் ஒலி அது. கடைசி டொக் கேட்காமல் கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்துப் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும்.

பெல் ஹவுசிங் பிளாக்கோடு கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும், போல்ட் போட்டு இழுக்கக் கூடாது. உட்கார்ந்த பிறகும் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும். இப்போது ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையிலான இடைவெளியை அளவுங்கள். 3 முதல் 5 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கன்வெர்ட்டர் அதிகம் முன்னால் வந்து பம்ப் கியரின் நுனியை மட்டும் பிடிக்கும். மூன்று போல்ட்டிலும் ஒரே தடிமன் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். இடைவெளியே இல்லையென்றால் எங்கோ ஏதோ இடிக்கிறது, கழற்றித் திரும்பப் பாருங்கள். போல்ட்டை எல்லாம் பூட்டிய பின் கிராங்கின் முன்பின் அசைவை மீண்டும் அளவுங்கள். முன்பு எழுதி வைத்த எண்ணே வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் காரின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது அளந்து வெட்டுங்கள். அதன் முன்முனையான யோக் கியர்பாக்ஸுக்குள் முழுவதும் போன நிலையிலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே நிற்கட்டும். டர்போ 400க்கு 32 ஸ்ப்லைன் யோக், பவர்கிளைடின் அசல் ஷாஃப்டுக்கு 27. முன் யுனிவர்சல் ஜாயின்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் பாதுகாப்பு வளையம் வேண்டும். ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும்.

ஆயிலும் கூலரும்

டிரான்ஸ்பிரேக்கில் நிற்கும் கார் அசைவதில்லை. இன்ஜின் தரும் பவர் எல்லாமே ஆயிலைச் சூடாக்கத்தான் போகிறது. 100 கிலோவாட்டை மூன்று நொடி பிடித்தால் 300 கிலோஜூல். கன்வெர்ட்டருக்குள் இரண்டரை கிலோ ஆயில் இருக்கிறது, ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற 2 கிலோஜூல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 60 டிகிரி ஏறும். மூன்றே நொடியில். இதில் ஒரு பகுதி உலோகத்துக்குப் போனாலும் எண்ணிக்கை பயமுறுத்துவதுதான். கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டான பானில் உள்ள சென்சார் இதைக் காட்டாது, ஏனென்றால் சூடான ஆயில் அங்கே வந்து சேர நேரமாகும். அதனால் சென்சாரைக் கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வையுங்கள்.

விசிறியோடு கூடிய தகடு அடுக்குக் கூலர் போடுங்கள். குழாய்களின் உள்விட்டம் 3/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பழைய காரிலிருந்து எடுத்த கூலரைக் கழுவிப் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம். அதன் இடுக்கில் ஒளிந்திருக்கும் உலோகத் தூள் புது கியர்பாக்ஸில் கியர்களுக்கு ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் போய் உட்காரும். கியர்பாக்ஸின் மூச்சுக் குழாயைப் பெரிய ஹோஸாக மாற்றி உயரமான ஒரு கேட்ச் கேனுக்குக் கொண்டுபோங்கள். டிப்ஸ்டிக் பூட்டு உள்ளதாக இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட்மேல் தெறிக்கும் ஆயில்தான் தீயின் தொடக்கம். டர்போ டவுன்பைப் கூலர் குழாய்க்குப் பக்கத்தில் போனால் இரண்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

முதலில் பானில் நாலைந்து லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் உடனே மீதியை ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஆயில் வகையைக் கியர்பாக்ஸ் கட்டியவர் சொன்னபடியே வையுங்கள். அளவு பார்ப்பதை நியூட்ரலில், ஆயில் சூடான பிறகு செய்யுங்கள். சில கியர்பாக்ஸ்களில், எடுத்துக்காட்டாக கிரைஸ்லர் 727இல், பார்க்கில் வைத்தால் கன்வெர்ட்டருக்கே ஆயில் போகாது. ஓட்டத்துக்குப் பின் குளிரவைப்பதும் நியூட்ரலில்தான்.

டிரான்ஸ்பிரேக், வயரிங், இசியூ

டிரான்ஸ்பிரேக் என்பது முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்கவைக்கும் சோலனாய்டு வால்வு. பட்டனை விட்டதும் ரிவர்ஸ் விலகும், கார் பாயும். எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதில்தான் ஓட்டுநரின் ரியாக்‌ஷன் நேரம் நிற்கிறது. சோலனாய்டுக்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே, தடித்த வயர் கொடுங்கள். பேட்டரி வோல்டேஜ் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: பட்டனைக் காப்பாற்ற சோலனாய்டுக்குக் குறுக்கே சாதாரண டயோடு போடுவது பலரின் பழக்கம். அது சோலனாய்டின் மின்னோட்டம் வடிவதைத் தாமதப்படுத்தும், கார் கோட்டிலிருந்து வெளியேறுவதும் தாமதமாகும். இதற்கென்றே விற்கும் சாலிட் ஸ்டேட் ரிலே நல்லது. இந்த வயரை கிராங்க் சென்சார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கார் ஓடும்போது முதல் கியரில் இந்தப் பட்டனை அழுத்தினால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஷாஃப்ட் சென்சாரின் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் பட்டன் வேலை செய்யாதபடி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் தடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி நியூட்ரல் சேஃப்டி சுவிட்சும், தவறி ரிவர்ஸில் விழாதபடி ஷிஃப்டரில் ரிவர்ஸ் பூட்டும் கட்டாயம். ஷிஃப்டர் கேபிளைச் சரிசெய்யும்போது ஒவ்வொரு கியரும் அதன் பள்ளத்தில் முழுமையாக விழுகிறதா என்று கையால் உணர்ந்து பாருங்கள். பாதி விழுந்த கியரில் அழுத்தம் குறையும், கிளட்ச் தகடுகள் கருகும்.

இசியூவில் கிளட்ச் சுவிட்ச் இருந்த இடத்துக்கு டிரான்ஸ்பிரேக் சிக்னலைக் கொடுங்கள். பட்டன் அழுந்தியதும் டூ-ஸ்டெப், அதாவது கோட்டில் நிற்கும்போதைக்கான தனி ஆர்பிஎம் எல்லை வேலைசெய்ய வேண்டும். அந்த எல்லை, பூஸ்ட் ஏறிய ஸ்டாலுக்குக் கீழே இருக்கட்டும். மேலே வைத்தால் எல்லையைத் தொடாமலே இன்ஜின் எங்கோ நிற்கும், ஒவ்வொரு முறையும் பூஸ்ட் வேறு வேறாக வரும். இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் டர்போ சீக்கிரம் விழிக்கும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வும் டர்பைனும் கொதிக்கும், ஆகவே இதற்கு நேர எல்லை வையுங்கள். முதல் ஓட்டங்களில் கோட்டு பூஸ்ட் 0.3 பார் போதும்.

பழைய மேனுவல் ட்யூனின் ஐடில் கியரில் போட்டதும் இன்ஜினை அணைத்துவிடும். ஐடிலைச் சற்றே கூட்டி, கியரில் வரும் சுமைக்குத் தனியாகச் சரிசெய்யுங்கள். கியர் மாற்றத்தின்போது இக்னிஷன் வெட்டு இருந்ததென்றால் எடுத்துவிடுங்கள் அல்லது மிகக் குறைத்து வையுங்கள். நீண்ட வெட்டு பூஸ்டையும் கெடுக்கும், ஆட்டோமேட்டிக் வாங்கிய பயனையும் கெடுக்கும்.

முதல் சோதனை, முதல் ஓட்டம்

ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய காரில் கியர்கள் விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஸ்டால் சோதனையை அங்கே ஒருபோதும் செய்யாதீர்கள். அதைத் தரையில், முன்னும் பின்னும் ஆளில்லாத நேர் இடத்தில், பூஸ்ட் குறைந்த அமைப்பில், மூன்று நொடிக்கு மேல் போகாமல் செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் பின் நியூட்ரலில் 2000 ஆர்பிஎம் வைத்து அரை நிமிடம் ஆயிலைச் சுற்றவிடுங்கள். டிரான்ஸ்பிரேக்கில் கார் முன்னால் ஊர்ந்தால் சோலனாய்டுக்கு வோல்டேஜ் போதவில்லை, அல்லது ரிவர்ஸ் கிளட்ச் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்யாமல் பூஸ்டைக் கூட்டினால் ரிவர்ஸ் தகடுகள் ஒரே நாளில் போய்விடும்.

டயர் சூடாக்கும் பர்ன்அவுட்டை டர்போ 400இல் முதல் கியரிலேயே இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதுக்கு மாற்றுங்கள். பவர்கிளைடு என்றால் லோவில் தொடங்கி ஹைக்கு. முடிக்கும்போது காரை முன்னால் உருளவிட்டு டயர் தானாகப் பிடிக்கவிடுங்கள். சுழலும் டயரைப் பிரேக்கில் சட்டென்று நிறுத்தினால் அந்த அடி, ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் ஸ்ப்ராக் கிளட்ச்சின் மேல் விழும். எல்லைக் கோடு தாண்டிய பிறகு டாப் கியரிலேயே விடுங்கள், வேகம் நன்றாகக் குறையும்வரை கீழ் கியர் பக்கம் போகாதீர்கள். முழு மேனுவல் வால்வ் பாடி நீங்கள் கேட்ட கியரைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடும். அந்த வேகத்தில் உள்ளே உள்ள டிரம் தன் எல்லைக்கு மேல் சுழன்று வெடிக்கக்கூடும். கவசம் கட்டாயம் என்று சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

டேட்டா லாக்கில் முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இன்ஜின் எந்த ஆர்பிஎம்முக்கு விழுகிறது என்பது. இரண்டாம் கியரில் இன்ஜின் விழாமல் அப்படியே மேலேயே நின்றால் கன்வெர்ட்டரைக் குறை சொல்லும் முன் கியர்பாக்ஸின் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளவுங்கள். கன்வெர்ட்டர் நழுவல் என்றால் மூன்று கியரிலும் தெரியும். ஒரே கியரில் மட்டும் தெரிந்தால் அந்த கியரின் கிளட்ச்தான் நழுவுகிறது. மாற்றத்தில் ஆர்பிஎம் மேலே பாய்ந்து பிறகு விழுந்தாலும் காரணம் உள்ளே இருக்கிறது. இன்ஜின் எல்லா கியரிலும் உயரத்திலேயே நிற்கிறது, ஷாஃப்ட் மட்டும் பின்தங்குகிறது என்றால் கன்வெர்ட்டரை இறுக்கச் சொல்லலாம்.

ஐந்தாறு ஓட்டங்களுக்குப் பின் பானைக் கழற்றி ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அடியில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் கவலை இல்லை, புதுத் தகடுகள் படிவதால் வருவது. காந்தத்தில் ஒட்டும் ஊசிபோன்ற சிம்புகள் பேரிங்கையோ கியரையோ குறிக்கும். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் புஷ்ஷிலிருந்து வருவது. அதைக் கண்டால் மையம் விலகியிருக்கிறதா என்று டவலிலிருந்து மீண்டும் அளக்கத் தொடங்குங்கள். ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தால், அதே ஆயிலோடு இன்னொரு ஓட்டம் போகாதீர்கள்.